பார்த்தவர்கள் சொன்னது

என் அப்பா அடிபட்டுச் செத்ததை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் தரங்கம்பாடியில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இருந்தேன். காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். "ஊர்லேந்து ஆள் வந்திருக்காங்க. ரெண்டு புடவைய எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா" என்றார். வந்திருந்தவர் என் பெரியப்பா மகன். மாயவரம் வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. அங்கே கும்பகோணம் பஸ் ஏறின பிறகுதான், "சித்தப்பா போயிட்டாரு" என்றார். எப்படி என்று கேட்டேன். "உங்கம்மா பாத்திருக்காங்க. அவங்க சொல்லுவாங்க" என்றார்.

திருவிடைமருதூருக்குத் தெற்கே உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் எல்லாரும் பண்ணை வேலைக்காரர்கள். எங்களையும் சேர்த்துப் பாதிக் குடும்பங்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்தவை, மீதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். வயலில் இறங்கினால் அந்த வித்தியாசம் தெரியாது. அப்போது கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. விவசாயக் கூலிக்குச் சட்டம் போட்டிருந்தார்கள். ஊரில் பெரிய பண்ணை வைத்திருந்த மிராசுதார் அந்தக் கூலியைக் கொடுக்க மறுத்துவிட்டார். எங்கள் ஆட்கள் நடவுக்குப் போகாமல் நின்றார்கள். அவர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவர் என் அப்பா. வந்த ஆட்களிடம் நிலைமையைச் சொல்லித் திருப்பி அனுப்பலாம் என்று விடியற்காலையில் வாய்க்கால் கரைக்குத் தனியாகப் போயிருக்கிறார்.

சட்டக் கூலி கொடுத்த ஒரு சின்ன விவசாயியின் நாற்றங்காலில் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. இன்னொருத்தி கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத அக்கா, அப்போது மாசமாக இருந்தாள். நாற்றங்காலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு வயல்தான். மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் நான்கைந்து ஆட்களோடு வந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள். அந்த ஆட்களில் ஒருவன் கம்பால் அப்பாவின் தலையில் அடித்ததையும், அவர் வாய்க்காலில் சரிந்ததையும் பார்த்தார்கள். அம்மா ஓடிப்போய்த் தண்ணீருக்குள் இறங்கித் தூக்கியபோது அப்பாவுக்கு உயிர் இருந்திருக்கிறது. கரையில் கிடத்துவதற்குள் போய்விட்டது.

இதை அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் முழுதாகச் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அழாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவள் சொன்னதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. என் கண்ணால் பார்த்திருந்தாலும் அதைவிட உறுதியாக எனக்குத் தெரிந்திருக்காது.

கும்பகோணம் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்து அடக்கம் நடக்க மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வந்திருந்த இளம் ஐயர் குழிமேட்டில் நின்று, ஆண்டவர் மரித்து எழுந்தார் என்றும், அவரை நம்பி மரித்தவர்களும் எழுந்திருப்பார்கள் என்றும் வேதத்திலிருந்து வாசித்தார். கொலையுண்ட ஒருவரை அவர் அடக்கம் பண்ணுவது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. சுற்றிலும் சங்கத்து ஆட்கள் கொடியைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றார்கள்.

என் அண்ணன் கும்பகோணத்தில் பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தான். கழகக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியபின் அவன் எங்கள் சபைக் கோயிலுக்கு வருவதில்லை. ஜெபம் என்றால் எழுந்து வெளியே போய்விடுவான். ஆனால் அப்பாவின் குழிக்கு முதல் கைப்பிடி மண்ணை அவன்தான் போட்டான். எல்லாரும் கலைந்த பிறகு வீட்டுக் கொல்லையில் என்னிடம் கேட்டான்.

"அப்பா மறுபடி எந்திரிப்பாருன்னு ஐயர் படிச்சாரே, நீ நம்புறியா?"

"நம்புறேன்."

"எத வச்சு?"

"வேதத்துல இருக்கு."

"வேதத்துல இருக்குன்னா ஆயிடுமா? எழுதி வச்சதெல்லாம் உண்மைன்னா, மிராசுதார் சொல்றதும் எழுதித்தான் வச்சிருக்கு. நம்ம சாதி அவனுக்கு வேலை செய்யப் பொறந்ததுன்னு அவன் பக்கத்து சாஸ்திரத்துல இருக்கு. அத நம்புவியா?"

அவன் கோபமாகப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டான். வேதத்தை நம்பினேன், வேதம் சொல்வதால் உயிர்த்தெழுதலை நம்பினேன். ஆனால் வேதத்தை ஏன் நம்புகிறேன் என்று அதுவரை என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. பயிற்சிப் பள்ளியில் வேத வகுப்பில் எனக்கே ஒரு சங்கடம் இருந்தது. உயிர்த்தெழுந்த காலையைப் பற்றி நான்கு சுவிசேஷங்களும் ஒரே மாதிரி சொல்லவில்லை. கல்லறையில் ஒரு தூதனைக் கண்டார்கள் என்கிறது ஒன்று, இருவர் என்கிறது இன்னொன்று. போன பெண்கள் யார் யார் என்பதிலும் வித்தியாசம். அதை யாரிடமும் கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

போலீஸ் வந்து மூன்று பெண்களிடமும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் நடவுக்கு வரலாம், அறுப்புக்கும் வரலாம் என்று பண்ணையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சொல்லாவிட்டால் சுற்று வட்டாரத்தில் எந்தப் பண்ணையிலும் வேலை கிடையாது. அந்த அக்காவின் புருஷன் பயந்த சுபாவக்காரன். எங்கள் வீட்டு வாசலிலேயே அவளிடம் கெஞ்சினான். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இந்த வம்பு? குனிஞ்சு நாத்துப் பறிச்சேன், எதையும் கவனிக்கலன்னு சொல்லிட்டுப் போயேன்."

அவள் தலை குனிந்தபடி, "நிமிந்து பாத்தேனே" என்றாள். அந்தப் போகம் முழுக்க மூன்று பேருக்கும் வேலை இல்லை. அம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தந்ததும், அத்தை வீட்டில் அரிசி இருந்தால் எங்கள் வீட்டுக்கும் ஒரு பிடி வந்ததும் நினைவிருக்கிறது. நான் படிப்பை ஒரு வருடம் நிறுத்திவிட்டு அம்மாவோடு இருந்தேன்.

வழக்கு தஞ்சாவூர் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின வாரம் சங்கத்து ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், முன்பு ஒரு போராட்டத்தில் அப்பாவோடு ஜெயிலுக்குப் போனவர். அண்ணனும் அன்று வந்திருந்தான்.

"அடிச்சவன் மாட்டிக்குவான், அதுல சந்தேகமில்ல" என்றார் அவர். "ஆனா அடிக்கச் சொன்னது காரியக்காரர். அவரு 'அடிடா'ன்னு சொன்னத நீங்க கேட்டீங்கன்னு சொன்னாத்தான் அவரும் உள்ள போவாரு."

அம்மா யோசித்துப் பார்த்தாள். "அவரு கைய நீட்டினதப் பாத்தேன். வாய் அசைஞ்சுது. என்ன சொன்னாருன்னு காதுல விழலீங்க."

"அவருதான் சொன்னாரும்மா" என்றான் அண்ணன். "ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்ப்பா. ஆனா நான் கேக்கல."

"ஒரு வார்த்தைதானே. பொய்யா சொல்லச் சொல்றோம்? நடந்ததத்தான் சொல்லச் சொல்றோம்."

"கேக்காதத எப்படிக் கேட்டேன்னு சொல்றது? என்னால முடியாதுப்பா."

அண்ணன் எழுந்து வெளியே போனான். சங்கத்து ஆள் மற்ற இரண்டு பேரிடமும் போய்க் கேட்டார். அவர்களும் கேட்கவில்லை என்றே சொன்னார்கள்.

கோர்ட்டில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா கூண்டில் ஏறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். அப்பாவின் துண்டு எங்கே இருந்தது என்று கேட்டார். தலையில் கட்டியிருந்தார் என்றாள் அம்மா. தோளில் கிடந்தது என்று சொன்னாள் பின்னால் வந்த அத்தை. அடி விழுமுன் அப்பா ஏதாவது பேசினாரா என்று கேட்டார். பேசவில்லை என்றாள் அம்மா. கையை உயர்த்தி ஏதோ சொன்னார் என்றாள் அத்தை. வெயில் வந்துவிட்டதா என்ற கேள்விக்கு அக்கா, வந்துவிட்டது என்றாள். அம்மாவோ பனி இன்னும் விலகவில்லை என்று சொல்லியிருந்தாள். வந்த ஆட்கள் எத்தனை பேர் என்பதில் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். வக்கீல் அம்மாவை மறுபடி கூண்டில் ஏற்றி, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

"ஒரே இடத்துல நின்னு ஒரே சம்பவத்தப் பாத்ததா சொல்றீங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் சொல்றதோட ஒத்துப்போகலியே. அப்ப என்ன அர்த்தம்?"

அம்மா, "நான் பாத்தத சொன்னேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். வழக்கு கெட்டுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஊர் திரும்பும் பஸ்ஸில் மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவே கூசினார்கள். தன்னால்தான் கெட்டது என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள். கும்பகோணம் தாண்டும்போது அத்தை மெல்லச் சொன்னாள். "துண்டு தோள்லதான்டி கிடந்துது." அம்மா, "இல்லடி, தலையில கட்டியிருந்தாரு" என்றாள்.

தீர்ப்புக்கு முன்னால் ஈஸ்டர் வந்தது. அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டு, ஆண்டவர் எழுந்த பகுதியை வாசிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எதில் வாசிக்கட்டும் என்று கேட்டேன். "நாலுலயும் வாசி" என்றாள். பக்கத்து வீட்டு அத்தையும் முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் எங்கள் சபை இல்லை. ஆனாலும் கதை கேட்பது அவளுக்குப் பிடிக்கும்.

நான் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். விடியும்போது பெண்கள் கல்லறைக்குப் போனது, கல் புரட்டப்பட்டிருந்தது, உடல் அங்கே இல்லாதது, அவர்கள் வந்து சொன்னபோது ஆண்கள் அதை வெறும் பிதற்றல் என்று தள்ளியது. இந்த இடத்தில் அம்மா, "பொம்பளைங்க சொன்னா அப்படித்தான்" என்றாள். ஒரு சுவிசேஷத்தில் அந்தப் பெண்கள் நடுங்கிப்போய் ஓடினார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று வருகிறது. அதை வாசித்ததும் அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

"பயந்துதான் இருப்பாங்க. அன்னிக்கு நானும் ஓடித்தான் போனேன். உங்கம்மா வாய்க்கால்ல எறங்குறா, நான் வரப்புல ஓடுறேன். எங்க ஓடுறேன்னே தெரியல. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் வாயே தெறக்கல."

பிறகு அவளே கேட்டாள். "இதெல்லாம் கட்டி எழுதுன கதையா இருந்தா, பயந்து ஓடினாங்கன்னு எதுக்குடி எழுதப்போறான்? தைரியமா நின்னாங்கன்னுதானே எழுதுவான்?"

நான் வாசித்த பக்கங்களை மறுபடி புரட்டினேன். வகுப்பில் என்னைச் சங்கடப்படுத்திய அதே வேறுபாடுகள்தான் கண்முன்னால் இருந்தன. ஆனால் அன்றைக்கு அவை வேறு மாதிரி தெரிந்தன. ஒரு துண்டு தலையில் இருந்ததா தோளில் இருந்ததா என்று இரண்டு பெண்கள் ஒத்துப்போகவில்லை என்பதால் என் அப்பா சாகவில்லை என்று ஆகுமா? பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைத்திருந்தால் துண்டு ஒரே இடத்தில் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். நான்கு பேரும் எழுதியதில், ஆண்டவர் எழுந்த அந்த நொடியை யாரும் எழுதவில்லை. வெறும் கல்லறையைப் பார்த்தார்கள், பிற்பாடு அவரையே பார்த்தார்கள், அவரோடு சாப்பிட்டார்கள், காயத்தைத் தொட்டுப்பார் என்று சந்தேகப்பட்டவனிடம் அவர் சொன்னார். இவ்வளவும் இருக்கிறது. ஆனால் அவர் எழுந்ததை நான் பார்த்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை அவர்கள் சேர்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். காரியக்காரரின் வாய் அசைந்தது, என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை என்ற அவள் சொல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல்கிறவள் என்பதால்தான் அவள் பார்த்ததை நான் அவ்வளவு முழுசாக நம்பினேன் என்று புரிந்தது.

தீர்ப்பு நாளன்று அண்ணனும் கோர்ட்டுக்கு வந்தான். அடித்தவனுக்கு ஆயுள் தண்டனை. காரியக்காரர் விடுதலை ஆனார். சாட்சிகளுக்குள் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கின்றன, ஆனால் அடித்தவன் யார் என்பதில் மூவரும் ஒரே சொல்லாக நிற்கிறார்கள், வித்தியாசங்களே அவர்கள் பாடம் பண்ணிக்கொண்டு வரவில்லை என்பதைக் காட்டுகின்றன என்று நீதிபதி சொன்னதாக எங்கள் வக்கீல் தமிழில் விளக்கினார். காரியக்காரர் மாலையோடு காரில் ஏறிப் போனதை நாங்கள் கோர்ட் வாசலில் நின்று பார்த்தோம். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் அவள் பக்கத்தில் போய் நின்றான். ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாமே என்று அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே கேட்கவில்லை.

அன்று கொல்லையில் அவன் என்னிடம் கேட்ட கேள்விக்குச் சில மாதங்கள் கழித்து, நான் மறுபடி பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பும்போது பதில் சொன்னேன். அவன்தான் என்னை மாயவரத்தில் பஸ் ஏற்றிவிட வந்திருந்தான். பஸ் வர நேரமிருந்தது.

"எத வச்சு நம்புறேன்னு கேட்டியே. அம்மாவ வச்சு நம்புறேன்."

அவனுக்குப் புரியவில்லை. நான் சொல்லிப்பார்த்தேன். ஆண்டவர் காலத்துக் கோர்ட்டில் பெண்கள் சாட்சியை மதிக்க மாட்டார்கள். கதை கட்டுகிறவன் பெண்களைப் போய் முதல் சாட்சியாக வைக்க மாட்டான். ஆண்கள் பயந்து ஒளிந்ததையும், குருவைத் தெரியாது என்று ஒருவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். சுவிசேஷங்களுக்கு முன்பே ஒரு சபைக்கு எழுதப்பட்ட நிருபத்தில், அந்தக் கடிதத்தில், அவரைக் கண்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், பெரும்பாலும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று வருகிறது. சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள் என்று சொல்வது மாதிரிதான் அது. கண்டதாகச் சொன்னதால் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. அடி, சிறை, சாவு இவைதான் கிடைத்தன. பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பார்கள்.

"மிராசுதார் பக்கத்து எழுத்து அவனுக்கு ஆதாயமானது. இது எழுதுனவங்களுக்கே ஆபத்தான எழுத்து" என்றேன்.

அண்ணன் பஸ் வருகிற பக்கம் பார்த்தான். பிறகு, "அவங்க பொய் சொல்லலன்னு வேணா ஒத்துக்கறேன்" என்றான். "ஆனா ஒருத்தன் சாகறது தெனம் நடக்குது. செத்தவன் எந்திரிக்கறது நடக்கறதில்லையே. சாட்சி நல்ல சாட்சியா இருந்தாலும், சொல்ற விஷயம் அவ்ளோ பெருசா இருக்கு."

அவன் சொன்னது சரிதான். அதை நான் மறுக்கவில்லை, இன்றைக்கும் மறுப்பதில்லை. சாட்சி என்னை ஓர் இடம் வரை கொண்டுவந்து விட்டது. அதற்கு மேல் கடவுள் இருக்கிறார், அவரால் முடியும் என்று நம்பித்தான் போக வேண்டியிருந்தது. நான் போனேன். அண்ணன் அங்கேயே நின்றுவிட்டான். அதற்காக அவனுக்கும் எனக்கும் எந்த மனத்தாங்கலும் வந்ததில்லை. பஸ் வந்ததும் அவன் என் பெட்டியை ஏற்றி வைத்து, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான்.

நான் வாத்தியாரம்மா ஆனேன். அந்த அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது என் வகுப்பிலேயே படித்துப் பிறகு நர்ஸ் ஆனது. குடியிருந்த மனைகள் எங்கள் பெயருக்குப் பட்டா ஆயின. காரியக்காரர் வயதாகி இறந்தார்.

அம்மா பல வருடம் இருந்து, ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போனாள். அப்பாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் பண்ணினோம். எல்லாரும் நகர்ந்த பிறகும் பக்கத்து வீட்டு அத்தை போகாமல் நின்றாள். அவளுக்கும் அப்போது நன்றாக வயதாகிவிட்டது.

"இவ எந்திரிப்பாளாடி?" என்று கேட்டாள்.

"எந்திரிப்பாங்க அத்தை."

"நல்லாத் தெரியுமா உனக்கு?"

"பாத்தவங்க சொல்லியிருக்காங்க அத்தை. அன்னிக்கு வாசிச்சேனே, அவங்க."

அத்தை குழிமேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொம்பளைங்களா" என்றாள். அவள் நம்பினாளா என்று நான் கேட்கவில்லை. குனிந்து, மழையில் கரைந்த ஓரத்து மண்ணைக் கையால் தட்டிச் சரிசெய்தாள். வரப்பு வழுக்கியதால் அவள் கையைப் பிடித்து மெதுவாக அழைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது. போனேன்.